குளிருக்கு ஒரு கடிவாளம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் விடிகாலையில் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழகியது. தோணியிலிருந்து இறக்கிய மீனை வியாபாரி நொறுக்கிய ஐஸுக்குள் அடுக்குகிறார். சற்று நேரம் கழித்து ஒன்றை எடுத்து அதன் முதுகை விரலால் அழுத்திப் பார்க்கிறார். மீன் உள்வரை குளிர்ந்திருக்க வேண்டும். கல்லாக இறுகிவிடக் கூடாது. அவரிடம் வெப்பமானி இல்லை. விரல்தான் அளவுகோல்.

குளிரை மருந்தாகக் கையாண்ட வைத்தியர்களும் நெடுங்காலம் இந்த வியாபாரியின் நிலையிலேயே இருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என் காலில் தோன்றிய ஒரு மருவை அகற்றுவதற்காக நகரமொன்றின் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். பஞ்சு சுற்றிய குச்சியைத் திரவ நைதரசனில் தோய்த்து மருவின் மேல் வைத்தார்கள். "எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். "வெள்ளையாகும் வரை" என்பது பதில். மரு போயிற்று. அதனைச் சுற்றியிருந்த நல்ல தோலும் கொப்புளித்துப் போயிற்று. குளிரை உண்டாக்குவது கடினமா, அதை நிறுத்துவது கடினமா என்ற கேள்வி அன்று எனக்குள் எழுந்தது. இச்சிகிச்சையின் வரலாற்றைப் படித்தபோது அதற்கு விடை கிடைத்தது.

நோயுற்ற இழையத்தைக் கடுங்குளிரால் அழிக்கலாம் என்று முதலில் காட்டியவராகக் கருதப்படுபவர் ஜேம்ஸ் ஆர்னொட் என்ற ஆங்கிலேய வைத்தியர். 1840களின் நடுப்பகுதியிலிருந்து நொறுக்கிய பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து, ஏறத்தாழ மறை 20 பாகை செல்சியஸ் குளிரைப் புற்றுக்கட்டிகளின் மேல் பிரயோகித்தார். வலி தணிந்தது, சில கட்டிகள் சுருங்கின. அவருடைய கருவி 1851ஆம் ஆண்டின் லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'ஒழுங்குபடுத்திய பிரயோகம்' என்ற பொருள்படும் சொற்கள் உள்ளன. குளிர் என்பது கடிவாளம் வேண்டும் குதிரை என்பதை முன்னோடியே உணர்ந்திருந்தார்.

அடுத்த தலைமுறைகள் குதிரையின் வேகத்தைத்தான் கூட்டின. 1892இல் ஜேம்ஸ் டூவர் வெற்றிடக் குடுவையை உருவாக்கினார். நம் வீட்டுத் தேநீர்ப் பிளாஸ்கின் மூதாதை அதுவே. 1895இல் கார்ல் லிண்டே காற்றைப் பெருமளவில் திரவமாக்கும் முறையைக் கண்டார். 1899இல் நியூயோர்க்கின் கம்பெல் வைற் திரவக் காற்றைத் தோல் நோய்களுக்குப் பயன்படுத்தினார். 1950 அளவில் மறை 196 பாகையில் கொதிக்கும் திரவ நைதரசன் தோல் வைத்தியர்களின் கைக்கு வந்தது. என் காலைத் தொட்ட பஞ்சுக்குச்சி அக்காலத்து வழக்கத்தின் எச்சம்.

குளிரோடு உணரியையும் இணைத்தது மூளைச் சத்திரசிகிச்சை. 1961இல் நியூயோர்க்கில் இர்விங் கூப்பரும் பொறியியலாளர் ஆர்னல்ட் லீயும் திரவ நைதரசன் ஓடும் மெல்லிய குழாயொன்றை வடிவமைத்தார்கள். அதன் முனையில் வெப்பவிணை இருந்தது. இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்தால், அந்த இணைப்பின் வெப்பநிலைக்கேற்ப மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும், அதுவே வெப்பவிணை. அது காட்டும் அளவைப் பார்த்து நைதரசனின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். பார்க்கின்சன் நோயாளி விழித்திருக்க, மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியை முதலில் இலேசாகக் குளிர்விப்பார் கூப்பர். கை நடுக்கம் நின்றால் மேலும் உறைய வைப்பார். கை சோர்ந்தால் குளிரை விலக்குவார்; போன வலிமை திரும்பிவிடும். வெப்பவிணை ஓர் உணரி என்றால், நோயாளியின் கை மற்றோர் உணரி.

இந்தப் பாடம் எல்லா உறுப்புகளுக்கும் உடனே எட்டவில்லை. அறுபதுகளில் ஆண்களின் புரஸ்டேட் சுரப்பியை உறைய வைத்தவர்கள், பனி எங்கே பரவுகிறது என்பதை மலக்குடல் வழியாக விரலால் தடவியே அறிந்தார்கள். மீண்டும் அதே விரல்! சிறுநீர்க்குழாயும் மலக்குடலும் காயப்பட்டன, அம்முறை கைவிடப்பட்டது. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கெரி ஓனிக் முதலானோர் மீயொலி ஸ்கானில் பனியுருண்டை வளர்வதைக் கண்ணால் கண்ட பிறகே அது மறுபிறவி எடுத்தது.

கண்ணும் ஏமாற்றும். ஸ்கானில் தெரியும் பனியுருண்டையின் விளிம்பு ஏறத்தாழ பூச்சிய பாகை. புற்றுக் கலங்கள் உறுதியாக மடிய மறை 40 பாகையளவு தேவை என்று அன்ட்ரூ கேஜ் போன்றோரின் ஆய்வுகள் காட்டின. அந்த எல்லை விளிம்புக்குச் சில மில்லிமீற்றர் உள்ளே இருக்கிறது. விளிம்பை நம்பி நிறுத்தினால் புற்று எஞ்சும். மிஞ்சினால் நல்ல உறுப்பு சாகும். ஆகவே வெப்பவிணை ஊசிகள் கட்டியின் ஓரத்திலும் காக்க வேண்டிய உறுப்பின் அருகிலும் நடப்பட்டன. விரியும்போது குளிரும் ஆகன் வாயுவும், விரியும்போது சூடாகும் ஹீலியமும் வந்தபின், ஒவ்வோர் ஊசியையும் தனித்தனியே உறையவும் இளகவும் வைக்க முடிந்தது. உணரி சொல்வதைக் கேட்டுக் கருவி தன்னைத் திருத்திக்கொள்ளும் வழி இப்படித் திறந்தது. இருந்தும், குளிர்ப் பலூனால் இதயத் துடிப்புக் கோளாற்றைச் சீர்செய்யும் வைத்தியர் இன்றும் நோயாளியின் வயிற்றின் மேல் கை வைத்து, உதரவிதானத்தின் துடிப்பு குன்றுகிறதா என்று கவனிக்கிறார். குன்றினால் அந்தக் கணமே குளிரை நிறுத்துகிறார்.

நம் மொழி பேசும் மண்ணில் இச்சிகிச்சையின் பெரிய அத்தியாயம் எழுதப்பட்டது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில். அங்கே கணினியும் ஊசி உணரிகளும் இல்லை. 2000 முதல் 2003 வரை 30க்கும் 59க்கும் இடைப்பட்ட வயதுடைய 31,343 பெண்களின் கருப்பைக் கழுத்தைப் பயிற்சி பெற்ற தாதியர் பரிசோதித்தார்கள். வினாகிரியில் உள்ள அதே அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் காணும் எளிய சோதனை அது. தக்கவர்களுக்கு அன்றைக்கே தாதியரே உறைசிகிச்சையும் செய்தார்கள். வழக்கமான நெறி: மூன்று நிமிடம் உறைய வை, ஐந்து நிமிடம் இளக விடு, மீண்டும் மூன்று நிமிடம் உறைய வை. கடிகாரமே கடிவாளம். சங்கரநாராயணனும் சகாக்களும் 2007இல் லான்செற் இதழில் வெளியிட்ட முடிவின்படி, இப்பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் 25 சதவீதமும் அதனால் வந்த மரணம் 35 சதவீதமும் மற்ற ஊர்களைவிடக் குறைந்திருந்தன.

கண்ணுக்கும் கைக்கும் எட்டும் சிறு புண்ணுக்குக் கடிகாரம் போதும். உடலுக்குள் மறைந்த கட்டிக்கு உணரி வேண்டும். இரண்டுமே அளவு என்ற ஒரே அறத்தின் இரு வடிவங்கள். ஆனால் சிகிச்சை ஆளிடம் போய்ச் சேராவிட்டால் எந்த அளவும் பயனற்றது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை, அந்தத் துறையில் படுவான்கரைப் பெண்ணொருத்தி எழுவான்கரைக்கு வர 'பாதை' என்று நாம் அழைக்கும் மிதவையைக் காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இலிருந்து உள்ளன. கருப்பைக் கழுத்துப் புற்றுக்கான தடுப்பூசி 2017இலிருந்து பாடசாலைச் சிறுமியருக்குக் கிடைக்கிறது. பாலமும் வந்துவிட்டது. வயல் வேலையும் வெட்கமும்தான் இன்னும் குறுக்கே நிற்கின்றன.

என் காலில் அந்த வெளிறிய தழும்பு இருக்கிறது. மருவுக்கு அது பெரிய விலையல்ல. படுவான்கரையிலிருந்து ஒருத்தி பிந்தி வந்தால் கொடுக்கும் விலை வேறு. இதை வாசிக்கும் வீடுகளில் முப்பதைக் கடந்த அக்காவோ தங்கையோ அம்மாவோ இருந்தால், கிளினிக்குக்குப் போய் வந்தார்களா என்று இன்றைக்கே கேளுங்கள்.