கருணைக்கொலை

கருணை என்ற வடசொல்லும், கொல் என்னும் வினையடியாகப் பிறந்த கொலை என்ற தமிழ்ப் பெயரும் கூடியமைந்த இத்தொடர், நல்ல மரணம் என்று மட்டுமே பொருள்தந்து செயலை மறைத்துவிடும் ‘யூதனேசியா’ என்ற கிரேக்கச் சொல்லினும் நேர்மையுடையது என்றே கருதுகிறேன். ஏனெனில் நோக்கம் கருணையேயாயினும் செயல் கொலையே என்பதுதான் 1980-இல் வத்திக்கான் வெளியிட்ட பிரகடனத்தின் சாரம். தன்னை மாய்த்துக்கொள்பவனும் ஒரு மனிதனையே கொல்கிறான் என்று அகஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டில் வாதித்ததைத் ‘தற்கொலை’ என்னும் நம் சொல்லும் உள்ளடக்கி நிற்கிறது. ஆயினும் மனவேதனையால் அவ்வாறு மாண்டோரின் இரட்சிப்பைக் குறித்து நம்பிக்கை இழத்தலாகாது என்று இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி பரிவோடு போதிக்கிறது.

நெடுங்காலம் நினைவிழந்து கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கில் 2011-இலும், பின்னர் வேறொரு வழக்கில் 2018-இலும் இந்திய உச்ச நீதிமன்றம் இசைந்ததோ, பயனற்ற சிகிச்சையை நிபந்தனைகளோடு நிறுத்தி இயற்கையான மரணத்துக்கு வழிவிடுதலுக்கு மட்டுமே. அதனையும் கருணைக்கொலை என்ற சொல்லாலேயே வழங்குவது பெரும்பிழை. அசாதாரணமான சிகிச்சையை ஏற்கும் கடமை நோயாளிக்கு இல்லையென்று போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் 1957-இலேயே விளக்கியிருக்க, மீளவொண்ணா நிலையிலுள்ள தந்தையின் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தச் சம்மதித்த மகனை இப்பெயர் அநியாயமாகக் கொலைகாரனாக்கி வதைக்கிறது.