வேள்விக்குடிக்காரனும் ஆறு இலக்க எண்ணும்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

நம் யானைமலை அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் கோயிலுக்குப் போகாதவர் ஒத்தக்கடையில் இருக்க முடியாது. மாசி மாதம் கஜேந்திர மோட்சத்துக்குத் தெப்பக்குளக் கரையில் இடம் பிடிக்க அடித்துக்கொண்டவர்கள்தான் நாம் எல்லாரும். ஆனால் கருவறைக் குகையைக் குடைந்தவர் யார் என்று வகுப்பில் கேட்டபோதெல்லாம், "பாண்டியர் சார்" என்பதற்கு மேல் ஒருவரும் சொன்னதில்லை. ஆளின் பெயர் அங்கேயே கல்லில் இருக்கிறது. மாறங்காரி. மாறன் காரி என்றும் எழுதுவார்கள். பராந்தகன் நெடுஞ்சடையன் என்ற பாண்டிய மன்னனுக்கு உத்தரமந்திரி. ஊர் கரவந்தபுரம் என்கிற களக்குடி, இன்றைய திருநெல்வேலிப் பக்கத்து உக்கிரன்கோட்டை. வைத்தியர் குடும்பம். மதுரகவி என்றும் ஒரு பெயர் உண்டு. அதை வைத்து இவரையும் மதுரகவியாழ்வாரையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் இன்று போகவில்லை.

கல்வெட்டில் இருக்கும் கலியாண்டு 3871. நம் கணக்கில் கி.பி. 770. இந்த மாறங்காரியின் பெயர் இன்னோர் இடத்திலும் வருகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வேள்விக்குடிச் செப்பேடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்து ஏடுகள். ஒரு பகுதி வடமொழி, பெரும்பகுதி தமிழ், தமிழ் வட்டெழுத்தில். களப்பிரர் என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் நீங்கள் மனப்பாடம் செய்யக் காரணமே இந்தச் செப்பேடுதான். "சங்க காலத்துக்கும் பாண்டியன் கடுங்கோனுக்கும் நடுவில் என்ன நடந்தது?" என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கும் இதுதான் ஆதாரம். பாண்டியர் வம்சாவளி இருக்கிறதே என்று நாங்கள் அதை மட்டும் நடத்திவிட்டுப் போய்விடுவோம். ஆனால் செப்பேடு எழுதப்பட்டது வம்சாவளிக்காக அல்ல. ஒரு மனிதன் தன் உரிமையை இழந்து, அதைத் திரும்பப் பெற்ற கதைக்காக.

நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டு. மன்னன் கூடலில், அதாவது நம் மதுரையில் இருக்கும்போது ஒருவன் கூவி முறையிடுகிறான். பெயர் காமக்காணி நற்சிங்கன், கொற்கைக்கிழான் மரபில் வந்தவன். மன்னன் அவனை அழைத்து, உன் குறை என்ன என்று கேட்கிறான். அவன் சொல்லும் கதை இது: உங்கள் முன்னோன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கொற்கைக்கிழான் நற்கொற்றன் வேள்வி செய்த இடத்தில், பாகனூர்க் கூற்றத்தில் உள்ள இந்த ஊரை அவனுக்கு நீர் வார்த்துக் கொடுத்தான். வேள்வி நடந்ததால் வேள்விக்குடி என்று பெயர். நெடுங்காலம் அனுபவித்தோம். பிறகு களப்பிரர் வந்தார்கள், ஊர் போயிற்று. இப்போது உங்கள் ஆட்சி. திருப்பித் தாருங்கள்.

பாகனூர்க் கூற்றம் என்பது சோழவந்தான் பக்கம், வையைக் கரை. நல்ல நஞ்சை. யாருக்குத்தான் அங்கே நிலம் வேண்டாம்?

மன்னன் நிலையில் நின்று யோசியுங்கள். கொடுத்தவன் செத்துப் பல நூற்றாண்டு ஆகிறது. வாங்கியவனும் இல்லை. இடையில் ஓர் ஆட்சியே வந்து போய்விட்டது. அழுகிறவனுக்கெல்லாம் ஊரைக் கொடுத்தால் நாளைக் காலையில் அரண்மனை வாசலில் நூறு பேர் அழுவார்கள். கொடுக்காவிட்டால், உண்மையான உரிமைக்காரனைக் களப்பிரன் ஒருமுறை விரட்டினான், பாண்டியன் இரண்டாம்முறை விரட்டினான் என்று ஆகும். மன்னன் சிரித்துக்கொண்டே சொல்கிறான்: இது உன் பழைய உரிமைதான் என்பதை நாட்டாரைக் கொண்டு காட்டிப் பெற்றுக்கொள். அவனும் அங்கேயே அப்போதே நாட்டாரைக் கொண்டு காட்டினான். என் முன்னோர் முறைப்படி தந்ததை நானும் தந்தேன் என்று மன்னன் மறுபடி நீர் வார்த்தான். புதிய பட்டயம் செம்பில் ஏறியது. அந்த ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு, ஆணத்தி என்பார்கள், யாருடையது? மாறங்காரியுடையது. நம் யானைமலையைக் குடைந்த அதே மாறங்காரி.

இப்போது கையில் உள்ள செல்போனைப் பாருங்கள்.

நம் பிள்ளைகளில் பலர் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறீர்கள். நான் சொல்வதில் பிசகு இருந்தால் கமெண்டில் திருத்துங்கள். ஒரு கணக்குக்குள் நுழைய முன்பெல்லாம் பாஸ்வேர்டு மட்டும் போதும். அதைத் திருடுவது எளிது என்பதால் இரண்டாவது சாட்சி கேட்க ஆரம்பித்தார்கள். இணையத்தில் கார்டு போட்டுப் பொருள் வாங்கும்போது இரண்டாவது சோதனை கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது 2009 ஆகஸ்டில். கூகுள் தன் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இரண்டு கட்டச் சோதனையைத் திறந்துவிட்டது 2011-ல். எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வருவது ஒரு வகை. இன்னொரு வகையில் போனில் உள்ள ஒரு செயலி ஆறு இலக்க எண்ணைக் காட்டும். முப்பது விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். அது எங்கிருந்தோ வருவதில்லை. முதல்நாள் கட்டம் கட்டமான படத்தை ஸ்கேன் செய்தோமே, அதில் ஒரு ரகசிய எண் இருந்தது. அதையும் அந்த நேரத்துக் கடிகாரத்தையும் சேர்த்துப் போனே கணக்குப் போடுகிறது. கம்பெனியும் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துவந்தால் கதவு திறக்கும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டுக்காப்பு மையத்தில் பணி பார்த்த ஆசிரியர் யாரையும் கேளுங்கள். அலமாரிக்கு இரட்டைப் பூட்டு, சாவி இரண்டு பேரிடம். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் வாசலில் காவல் நிற்க வேண்டியதுதான். பேங்க் லாக்கரும் அப்படித்தான். உங்கள் சாவி ஒன்று, பேங்க் சாவி ஒன்று. சாவி தொலைந்தால் லாக்கரை உடைக்க ஆள் வருவார். பில் உங்கள் தலையில் விழும். ஆனாலும் உங்கள் முகத்தைத் தெரிந்த மேனேஜர் ஒருவர் எதிரில் நிற்பார்.

போன் தொலைந்தால் ரகசிய எண்ணும் சேர்ந்து போகிறது. அப்போது எதிரில் நிற்பவர் யார்? ஒரு படிவம். நீங்கள் உண்மையான ஆளா, போனைத் திருடியவனா என்று அதற்குத் தெரியாது. உங்களுக்காகத் திறக்கும் எந்தப் பின்வாசலும் திருடனுக்கும் திறக்கும். நெடுஞ்சடையனுக்கு வந்த அதே சங்கடம்.

எதற்கு இதெல்லாம் என்றால், நம் ஓவிய ஆசிரியரை மறந்திருக்க மாட்டீர்கள். சைக்கிள் கேரியரில் கேமரா பை, தோளில் துண்டு. ஆண்டுவிழா, விளையாட்டு விழா, பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோ எல்லாவற்றையும் அவர்தான் எடுப்பார். ஓய்வுபெற்ற பிறகு பழைய படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஒரு இணையக் கணக்கில் ஏற்றிவைத்தார். 1984 தொடங்கி நம் பள்ளியின் இருபத்தெட்டு வருடம் அதில் இருக்கிறது. போன வருடம் பங்குனியில் அவர் காலமானார். வீட்டில் துக்கத்தோடு துக்கமாக அவர் போனை அழித்துப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். சிம்முக்கு ரீசார்ஜ் போடவில்லை, நம்பர் செத்துவிட்டது. செத்த நம்பரைத் தொண்ணூறு நாளுக்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்பது விதி. இன்று அந்த நம்பருக்குப் போட்டால் முன்பின் தெரியாத ஒருவர் எடுக்கிறார். மகளிடம் பாஸ்வேர்டு இருக்கிறது, சாரின் அழகான கையெழுத்தில், டைரியில். ஆறு இலக்க எண்தான் இல்லை. எழுதிப் போட்டதற்கெல்லாம் இயந்திரம் எழுதிய ஒரே பதில் வருகிறது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

பத்திரம் தொலைந்தால் நமக்கு வழி தெரியும். போலீசில் புகார், பேப்பரில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல். அலைச்சல்தான், ஆனாலும் வழி இருக்கிறது. அடையாளம் காட்டச் சாட்சிகள் வந்து கையெழுத்துப் போடுவார்கள். அந்தச் சாட்சிகள்தான் பழைய நாட்டாரின் மிச்சம்.

நாம் யார் என்பதை நிரூபிக்க மூன்று வழி சொல்வார்கள்: நமக்குத் தெரிந்தது, நம்மிடம் இருப்பது, நம் உடம்பு. பாஸ்வேர்டு, போன், கைரேகை. வேள்விக்குடி வழக்கில் இந்த மூன்றுமே தீர்ப்புக்கு ஆதாரம் ஆகவில்லை. கதை தெரியும் என்பது போதவில்லை. தீர்த்துவைத்தது நான்காவது: நம்மைத் தெரிந்தவர்கள். இதை இணைய உலகமும் முயன்று பார்த்தது. ஃபேஸ்புக்கிலேயே நம்பகமான நண்பர்கள் என்று ஒரு வசதி இருந்தது. முன்கூட்டியே சிலரைக் குறித்துவைத்தால், நாம் வெளியே மாட்டிக்கொள்ளும் நாளில் அவர்களுக்குத் தனித்தனிக் குறியீடு போகும்; அவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் கதவு திறக்கும். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். ஆப்பிள் 2021-லும் கூகுள் 2025-லும் அதே யோசனையை வேறு உருவில் கொண்டுவந்திருக்கின்றன. என் கணிப்பு என்னவென்றால், ஃபேஸ்புக் நண்பர் வேறு, நாட்டார் வேறு. நாட்டான் பொய்ச்சாட்சி சொன்னால் மறுநாளும் அதே வாய்க்காலில்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அந்தப் பயம் இருந்ததால்தான் அவன் சொல்லுக்கு மதிப்பு.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். நாட்டார் என்றால் நிலமுள்ள பெரியதனக்காரர்கள். நற்சிங்கனுக்கு ஊர் திரும்பிய நாளில் அங்கே யாரோ உழுதுகொண்டுதானே இருந்திருப்பார்கள்? அவர்களைக் கூப்பிட்டு யாரும் கேட்டதாகச் செப்பேடு பேசவில்லை. உண்மையாகவே அது அவன் பாட்டன் சொத்தா, செல்வாக்கில் வாங்கியதா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

உடம்பைச் சாட்சியாக்கிய கதைக்கும் நம் மாவட்டத்தில் ரத்தம் தோய்ந்த பக்கம் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் செத்தார். தன் விரலின் ரேகை எவன் கையில் இருக்கிறது என்பது உயிரைக் கொடுத்துக் கேட்கிற கேள்வியாக இருந்திருக்கிறது. இன்று ரேஷன் கடையில், வேலை செய்து ரேகை தேய்ந்த கிழவி மெஷினில் விரலை அழுத்தி அழுத்திப் பார்ப்பதைக் காணும்போது எனக்கு அந்த நினைவு வரும். இது வேறு விஷயம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

யானைமலைக் கல்வெட்டுக்குத் திரும்புவோம். அதில் இன்னும் ஒரு செய்தி உண்டு. கோயிலைக் குடைந்த மாறங்காரி, நீர்தெளித்துக் குடமுழுக்குச் செய்யும் முன்பே இறந்துபோனார். அவர் தம்பி மாறன் எயினன் அதே உத்தரமந்திரி பதவிக்கு வந்து, முகமண்டபம் கட்டி, குடமுழுக்கையும் முடித்தார். அண்ணனின் பொறுப்பு தம்பிக்குப் போனது எல்லாருக்கும் தெரிந்து நடந்தது. அதனால் வேலை நிற்கவில்லை. அந்த ஏற்பாடு இப்போதும் செய்யலாம். கூகுளில் 2013 முதல் செயலற்ற கணக்குக்கு வாரிசு குறிக்கலாம். ஃபேஸ்புக்கில் 2015 முதல், ஆப்பிளில் 2021 முதல் உண்டு. நம் ஓவிய சார் குறித்துவைத்த மாதிரி தெரியவில்லை. செயலியை வைக்கும்போதே பத்துப் பன்னிரண்டு அவசர எண்களைக் கொடுத்து அச்செடுத்து வை என்பார்கள். சார் எதையும் தாளில் எழுதாமல் விடுகிற ஆள் இல்லை என்பதால், அவர் மகள் பழைய டிராயிங் நோட்டுகளை எல்லாம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.

சொல்ல மறந்தேன். வேள்விக்குடிச் செப்பேடு இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. உரிமையை மீட்டுக்கொடுத்த ஏடு கடல் தாண்டிவிட்டது. யானைமலைக் கல்லை யாரும் தூக்க முடியாது என்பதால் அது நமக்கு மிஞ்சியது.

நம் மாணவன் ஒருவன், பெங்களூரில் இருக்கிறவன், ஒரு யோசனை சொன்னான். எந்த இடத்தில், எந்தக் கம்ப்யூட்டரில் சார் வழக்கமாகக் கணக்கைத் திறப்பாரோ, அதே இடத்தில் அதே மெஷினில் முயன்றால் கம்பெனிக்குச் சந்தேகம் குறையுமாம். சாரின் பழைய கம்ப்யூட்டர் ஒத்தக்கடை வீட்டு மாடியில் துணி போர்த்தியபடி இருக்கிறது. மகள் வரும் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கிவிட்டாள். அவற்றையும் சேர்த்து அனுப்பப் போகிறாள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இரண்டு பேர் காலை பத்து மணிக்கு வந்தால் நல்லது. நானும் இருப்பேன்.

அது ஒருபுறம் நடக்கட்டும். சார் ஒவ்வொரு செட்டுக்கும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாரே, அது உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ ஆல்பத்திலோ இருந்தால் செல்போனில் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்கள். எந்த வருடம், எந்தப் பிரிவு, நிற்கிறவர்கள் யார், இடமிருந்து வலமாக. 1987, 1991, 1996 செட் படங்கள் என்னிடம் ஒன்றுகூட இல்லை.