மூன்றாம் நபர் காப்பீட்டில் கூடுதல் செலவுகள் (இந்தியா)

ஒரு வாகனத்தால் பிறருக்கு உயிரிழப்போ காயமோ பொருட்சேதமோ நேர்ந்தால், உரிமையாளர் தர வேண்டிய இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுச் செலுத்தும் ஏற்பாடு மூன்றாம் நபர் காப்பீடு எனப்படுகிறது. உயிரிழப்பு வழக்குகளில் இறந்தவரின் வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதே இழப்பீட்டின் பெரும்பகுதி. ஈமச் செலவு, மருத்துவச் செலவு, வழக்குச் செலவு, வட்டி முதலியன அதனுடன் சேர்பவை. இவை சிறியவையாகத் தோன்றினாலும், சம்பாதித்தவரை இழந்த வீட்டில் கைப்பணம் முதலில் கரைவது ஈமச் செலவிலும் மருத்துவச் செலவிலும்தான்.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய பகுதி 1.7.1946 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தின் பொறுப்புக்கு அதில் உச்சவரம்பு இருந்தது. சரக்கு வாகனம் என்றால் 1969ஆம் ஆண்டுத் திருத்தப்படி 50,000 ரூபாய். 1982ஆம் ஆண்டுத் திருத்தப்படி 1,50,000 ரூபாய். மீதியை உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் வசூலிப்பது எளிதன்று. ஆயினும் 96ஆம் பிரிவு ஒரு நன்மையைச் செய்தது. காப்பீட்டுத் தொகையுடன் வழக்குச் செலவையும், அத்தொகைக்குரிய வட்டியையும் சேர்த்தே நிறுவனம் செலுத்த வேண்டும் என்றது. அதாவது இவ்விரண்டும் உச்சவரம்புக்குள் அடங்குபவை அல்ல, அதற்கு மேல் வருபவை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்போது வட்டி அற்பத் தொகையாக இராது.

1.7.1989 முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இருந்த உச்சவரம்பை நீக்கியது. மூன்றாம் நபரின் பொருட்சேதத்துக்கு மட்டும் 6,000 ரூபாய் வரம்பு வைத்தது.

ஓட்டுநரின் தவறை மெய்ப்பிக்காமலே இழப்பீடு பெற 1994இல் 163ஏ பிரிவும், அதற்கென இரண்டாம் அட்டவணையும் சேர்க்கப்பட்டன. அட்டவணைப்படி ஈமச் செலவு 2,000 ரூபாய். வாழ்க்கைத்துணையை இழந்தவருக்கு 5,000 ரூபாய். இறப்புக்கு முந்தைய மருத்துவச் செலவு, ரசீது காட்டினாலும், 15,000 ரூபாய்க்கு மேல் இல்லை. இந்த அட்டவணையில் கணக்குப் பிழைகள் மலிந்திருப்பதை 1996இலேயே உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. பள்ளி மாணவன் வாய்ப்பாட்டில் பிழை விட்டால் அன்றே திருத்தச் சொல்வோம். இந்த அட்டவணை மாற்றப்பட்டதோ 2018 மே மாதத்தில்தான். அதுவரை ஏட்டில் ஈமச் செலவு அதே 2,000 ரூபாயாகவே இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் நீதிமன்றங்களே தொகையை உயர்த்தின. 2013இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஈமச் செலவுக்கு 25,000 ரூபாய் அளித்தது. வழக்குக்கு வழக்கு தொகை வேறுபட்டதால், 31.10.2017 அன்று 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒரே அளவை வகுத்தது. அதன்படி ஈமச் செலவு 15,000, இறந்தவரின் உடைமை சார்ந்த இழப்பு 15,000, வாழ்க்கைத்துணை இழப்பு 40,000 ரூபாய். 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவற்றை 10 விழுக்காடு உயர்த்த வேண்டும் என்பதே இத்தீர்ப்பின் சிறப்பு. விலைவாசி ஏறுகிறது என்பது இப்போதுதான் கணக்கில் ஏறியது. 2018இல் வந்த மற்றொரு தீர்ப்பு, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் இவ்வகை இழப்பீட்டை விரித்தது.

படுகாயமுற்றுப் பிழைத்தவர்களின் நிலை வேறு. 12 வயதில் விபத்துக்குள்ளான ஒரு சிறுமிக்கு வாழ்நாள் முழுதும் 24 மணி நேரத் துணை தேவைப்பட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் உதவியாளர் இருவருக்குத் தலா மாதம் 5,000 ரூபாய் என வைத்து, 18 ஆண்டுப் பெருக்கத்தால் 21,60,000 ரூபாய் கணக்கிட்டது. துணையாள் கூலி ஒன்றுக்கே இத்தொகை.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 163ஏ பிரிவு நீக்கப்பட்டது. 1.4.2022 முதல் நடைமுறைக்கு வந்த 164ஆம் பிரிவு, தவறை மெய்ப்பிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் என நிர்ணயித்தது.