மங்கம்மாள் சாலையும் அணுகு சாலையும்

சங்கரன்கோவில்காரர்கள் கழுகுமலை வழியாகக் கோவில்பட்டி போய், அங்கே நான்கு வழிச்சாலையைப் பிடித்து மதுரைக்குப் போவது இப்போது சகஜமாகிவிட்டது. அணுகு சாலையிலிருந்து பெரிய சாலையில் ஏறுகிற அந்தப் பத்து வினாடியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மதுரையிலிருந்து குமரி நோக்கிப் போகும் பழைய பாதையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மங்கம்மாள் சாலை என்பார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்டது என்று அந்தப் பெயர். மாட்டுவண்டியும் கால்நடையும்தான் அன்றைய போக்குவரத்து. பக்கத்து ஊர் வண்டிப்பாதை வந்து சேருமிடத்தில் மாட்டைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும். பஸ், லாரி வந்த பிறகும் இருவழித் தார்ச்சாலையில் அப்படியொன்றும் வேகம் கிடையாது. வண்டியின் தலையை நீட்டினால் வருகிறவர் பிரேக் பிடித்துவிடுவார். நமக்கு அந்தப் பழக்கம் ஊறிப்போனது அப்போதுதான்.

ஓடுகிற வண்டிகளுக்குள் நிற்காமல் போய்க் கலப்பது மோட்டார் காலத்துச் சமாச்சாரம். இத்தாலியில் 1924இல் மிலான் நகரிலிருந்து ஏரிப் பகுதிக்கு மோட்டார் வண்டிகளுக்கென்றே தனிச்சாலை திறந்தார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1929இல் க்ளோவர் இலை வடிவச் சந்திப்பு வந்தது. பிரிட்டனின் முதல் மோட்டார்வே 1958 டிசம்பரில் திறந்த பிரஸ்டன் புறவழிச்சாலை. சென்னை கத்திப்பாராவுக்கு அந்த இலை வடிவம் வர 2008 ஆயிற்று. நம் பழைய 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அதாவது இன்றைய 44, நான்கு வழியானதும் அதையொட்டிய ஆண்டுகளில்தான்.

சாலை மாறியது, தலையை நீட்டுகிற பழக்கம் மாறவில்லை. சட்டம் என்னவோ முன்பே தெளிவாகத்தான் இருந்தது. 2017 வரை நடப்பில் இருந்த 1989ஆம் ஆண்டு சாலை விதிகளின்படி, பிரதான சாலையில் நுழைகிறவர்தான் அதில் போகிறவருக்கு வழிவிட வேண்டும். (மற்ற சந்திப்புகளில் வலப்பக்கம் வருகிறவருக்கு முதலிடம் என்பதும் அதில் இருந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்?)

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறீர்கள். 100 மீட்டர் பின்னால் ஒரு கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஆறே வினாடியில் அது உங்கள் முதுகில். நீங்கள் 80இல் ஏறியிருந்தால் அதற்குப் பதினெட்டு வினாடி ஆகும். அவர் சுதாரிக்க அது தாராளம்.

ஆகவே மெதுவாக ஏறுவதுதான் பாதுகாப்பு என்பது இங்கே பொருந்தாது. ஓரத்தில் தனித்தடம் நீளமாக இருந்தால், வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு, அந்தத் தடத்திலேயே வேகத்தைக் கூட்டுங்கள். கண்ணாடியில் இடைவெளியைப் பார்த்துவிட்டு ஒருமுறை வலப்பக்கம் தலையையும் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் விழாத பைக் ஒன்று எப்போதும் இருக்கும். ஏறியதும் இடது தடத்திலேயே கொஞ்ச தூரம் போக வேண்டும், ஒரே வெட்டாக வலது தடத்துக்குப் பாயக் கூடாது.

தனித்தடமே இல்லாத இடங்களும் நம் பக்கம் நிறைய. அங்கே வாய்முனையில் நின்று, பெரிய இடைவெளி வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிப்பார். அடிக்கட்டும்.

பெரிய சாலையில் போகிறவருக்கும் ஒரு வேலை உண்டு. இடதுபுறம் வண்டி ஏறுவது தெரிந்து, வலது தடம் காலியாக இருந்தால் முன்கூட்டியே அதற்கு மாறிக்கொள்ளலாம். லாரி டிரைவர்கள் பலர் இதை அழகாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், கார்க்காரர்கள்தான் குறைவு.