கர்ட்டின் திருப்பிய கப்பல்கள்

1942-ஆம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கே பிரிட்டனின் கடற்படைத் தளம் இருக்கும்வரை தங்களுக்குப் பயமில்லை என்று நம்பியிருந்த ஆஸ்திரேலியர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாலே நாளில் அவர்களுடைய டார்வின் நகரத்தின்மீதே ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன!

அப்போது ஆஸ்திரேலியாவின் ஏழாவது டிவிஷன் மத்திய கிழக்கிலிருந்து கப்பலேறி இந்து மகாசமுத்திரத்தில் வந்துகொண்டிருந்தது. அதை ரங்கூனுக்கு அனுப்பவேண்டும் என்றார் சர்ச்சில். ரூஸ்வெல்ட்டும் அதையே வற்புறுத்தினார். பிரதம மந்திரி ஜான் கர்ட்டின் மறுத்தார். எப்படியும் இணங்கிவிடுவார் என்று நினைத்தோ என்னவோ, சர்ச்சில் கப்பல்களை வடக்கே திருப்பியே விட்டார்! கர்ட்டின் அசையவில்லை. கப்பல்கள் கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு தெற்கே புறப்பட்டன.

போதிய காவலில்லாத கடலில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள், உத்தரவோ தம்முடையது. கர்ட்டின் இரவெல்லாம் உறங்காமல் உலாவினாராம். சரித்திர ஆசிரியர் தேதியைக் குறித்துக்கொண்டு மேலே போய்விடலாம். கதை எழுதுகிறவனுக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வருவதில்லை.

மார்ச் 8-ந் தேதி ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. கர்ட்டின் செய்தது சரி என்பதே என் கட்சி. அதற்காகச் சர்ச்சிலைத் துரோகி என்பதற்கில்லை. பர்மா போனால் சீனாவுக்குப் பாதை போய்விடுமே என்பது அவர் கவலை.

1951 செப்டம்பர் 1-ந் தேதி ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் அமெரிக்காவுடன் சான் பிரான்ஸிஸ்கோவில் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரிட்டனுக்கு அதில் இடமில்லை. ஆபத்து வந்தால் அவரவர் அரசியல் சட்டப்படி செயற்படுவதாகத்தான் வாசகம். படை அனுப்புவதாக ஒரு வார்த்தை கிடையாது. அந்த உடன்படிக்கையை முதன்முதலாக எடுத்துக் காட்டியது ஆஸ்திரேலியாதான், 2001-ல். தன்னைக் காக்க அல்ல. தாக்குண்ட அமெரிக்காவுக்குத் துணை நிற்க!