அணு ஆயுதப் போரும் தருமபுரி மாவட்டமும்

அணு ஆயுதப் போரின் அழிவு குண்டு விழும் ஊரோடு முடிவதில்லை. எரியும் நகரங்களின் கரும்புகை மேகங்களைத் தாண்டி அடுக்குவளி மண்டலத்துக்கு ஏறிவிட்டால், அதைக் கழுவி இறக்க அங்கே மழை கிடையாது. ஆண்டுக்கணக்கில் தங்கி வெயிலை மறைக்கும். இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவிலான 100 குண்டுகளை வீசிக்கொண்டால் 50 லட்சம் டன் புகைக்கரி மேலேறும், உலக வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸுக்கு மேல் குறையும், மழையும் குறையும் என்று காலநிலை விஞ்ஞானி ஆலன் ரோபாக்கின் குழுவினர் 2007இல் கணித்தனர். இதைவிடப் பெரிய போர் மூண்டால் 200 கோடிக்கும் மேற்பட்டோர் மடியலாம் என்கிறது 2022இல் 'நேச்சர் ஃபுட்' இதழில் வந்த ஆய்வு. அதில் பெரும்பகுதி பட்டினிச் சாவு.

தருமபுரி மானாவாரி மிகுந்த மாவட்டம். ராகியும் சாமையும் பருவமழையை நம்பியே விளைகின்றன. மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 1876-78இன் தாது வருஷப் பஞ்சம் காட்டியது. இப்பகுதியை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டம் அதில் கடுமையாக அடிபட்டது. அப்போது வெளியிலிருந்து தானியம் வந்தது. வாங்கக் காசில்லாதவர்கள் செத்தார்கள். புகை உலகத்தையே மூடினால் அனுப்புவதற்கு யாரிடமும் மிச்சமிருக்காது.

தண்ணீரின் கதை இன்னும் நெருக்கமானது. மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை படிந்திருக்கும். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, ஊர்த் தொட்டிகளுக்கு அனுப்புகிறது. போரால் கரண்ட், குளோரின், பம்பு உதிரிபாகம் ஆகியவற்றில் எது நின்றாலும் மக்கள் பழைய தண்ணீருக்கே திரும்ப வேண்டும். போர்வெல் மோட்டாருக்கும் கரண்ட் வேண்டும் என்பதால், அதிலும் கைப்பம்பு உள்ள ஊர்தான் தப்பும்.

போரில் சேராதவர்களையும் அணு ஆயுதம் விடாது என்பது சோதனைக் காலத்திலேயே தெரிந்த சங்கதி. 1954இல் பிகினித் தீவுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள்மேல் விழுந்தது. சோதனைகளை நிறுத்தக் கோரியவர்களில் ராஜாஜி முக்கியமானவர். அவர் 1878இல் பிறந்த தொரப்பள்ளி, 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்து இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத் தூதுக்குழுவின் தலைவராக வாஷிங்டன் சென்று அவர் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடி வெடித்தது. 1963 ஆகஸ்டில் கையெழுத்தான மாஸ்கோ ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் கடலடியிலும் சோதனைகளைத் தடைசெய்தது. அதை ராஜாஜியின் கணக்கில் எழுதுவது மிகை. நிலத்தடிச் சோதனையை ஒப்பந்தம் விட்டுவைத்தது. அவர் மறைந்த மறு ஆண்டும் கழிந்து, 1974இல் இந்தியா பொக்ரானில் நடத்தியது அத்தகைய சோதனையைத்தான்.