வகுப்பும் பொருளும்: கணினிச் சொற்கள் பிறந்த வரலாறு

கணினி நிரல் எழுதுவோர் வழங்கும் சொற்களுள் 'கிளாஸ்', 'ஆப்ஜெக்ட்' என்னும் இரண்டும் இன்று இடைநிலைப்பள்ளி மாணவர் நாவிலும் பயில்கின்றன. இவற்றை வகுப்பு, பொருள் எனத் தமிழில் வழங்கலாம். சில ஆண்டுகளுக்கு முன், எம் தோட்டப் பள்ளியில் பயின்று சென்ற மாணவன் ஒருவன் இவற்றின் வேறுபாடு யாதென என்னிடம் வினவினான். "வகுப்பறையே வகுப்பு; அதில் அமர்ந்திருக்கும் மாணவரே பொருள்கள்" என்று விடை கூறினேன். அவன் அதனை அவ்வாறே தேர்வில் எழுதினான் என்பதைப் பின்னர் அறிந்து வருந்தினேன். இச்சொற்களின் வரலாறே என் பிழையை எனக்கு உணர்த்திற்று.

நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில், கிறிஸ்டன் நைகார்ட், ஓலே-யோஹான் டால் என்னும் அறிஞர் இருவர் 1960-களின் தொடக்கத்தில் 'சிமுலா' என்னும் மொழியை உருவாக்கினர். வரிசையில் காத்து நிற்றல் போன்ற உலகியல் நிகழ்ச்சிகளைக் கணினியில் நடத்திப் பார்த்து ஆராய்வதே அம்மொழியின் நோக்கம். முதல் சிமுலாவில், ஒன்று எவ்வாறு இயங்கும் என்னும் விவரிப்புக்கு 'ஆக்டிவிட்டி' என்றும், அவ்விவரிப்பின்படி இயங்கும் ஒவ்வொன்றுக்கும் 'பிராசஸ்' என்றும் பெயர். 1967-ஆம் ஆண்டுச் சிமுலாவிலேயே இவை முறையே கிளாஸ், ஆப்ஜெக்ட் ஆயின. ஆங்கில அறிஞர் டோனி ஹோர் அதற்குச் சற்று முன்னரே பதிவுகளின் வகையைக் குறிக்கக் கிளாஸ் என்னும் சொல்லை ஆண்டிருந்தார். ஆகவே, ஈண்டு வகுப்பு என்பது அறையன்று, வகை என்க.

பாலம் ஒன்றின் சுங்கச் சாவடியில் லாரிகளும் பேருந்துகளும் ஒரே வரிசையில் நிற்பதைக் கணினியில் எவ்வாறு அமைப்பது என அவ்விருவரும் ஆராய்ந்தனர். வரிசையில் நிற்கும் தன்மை இரண்டிற்கும் பொது. ஏனைய தன்மைகள் வேறு. பொதுத் தன்மைகளை ஒரு வகுப்பாக்கி, அதனை மற்றவற்றின் முன் ஒட்டினர். இதற்கு அவர்கள் இட்ட பெயர் முன்னொட்டு என்பதே. மரபுரிமை என்னும் பெயர் பின்னர் வந்து நிலைத்தது.

பொருள் நோக்கு நிரலாக்கம் என்னும் தொடருக்கு மூலமான ஆங்கிலப் பெயரை வழங்கியவர் அமெரிக்கரான ஆலன் கே. உயிரியலும் கணிதமும் பயின்ற அவர், உயிரணுக்களைப் போலப் பொருள்கள் தமக்குள் செய்தி அனுப்பி இயங்குவதாகக் கருதினார். 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தில் அவரும் தோழர்களும் ஆக்கிய 'ஸ்மால்டாக்' மொழியில், ஒரு பொருளுக்கு வரும் வேண்டுகோள் 'செய்தி' எனவும், அதற்கேற்ப அப்பொருள் செய்யும் செயல் 'செய்முறை' எனவும் பெயர் பெற்றன.

இனி, என் பிழைக்கு வருவோம். மாணவர் வேறிடத்திலிருந்து வந்து வகுப்பறையில் அமர்கின்றனர். கணினிப் பொருளோ வகுப்பின் விவரிப்பின்படியே ஆக்கப்படுவது. நம் இலக்கண வகுப்பிலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. மரம் என்பது பொதுப்பெயர். இரப்பர் மரம் என்பது சிறப்புப்பெயர். இவ்விரண்டும் வகுப்புகளே, பின்னது முன்னதன் தன்மைகளை மரபுரிமையாகப் பெறுகிறது. பள்ளி வாயிலில், இன்ன வயதும் இன்ன சுற்றளவும் உடையதாய் நிற்கும் அந்த ஒரு மரமே பொருள். 'பால் தா' என்பது அதற்கு நாம் அனுப்பும் செய்தி. பால் சுரத்தல் அதன் செய்முறை.

நைகார்டும் டாலும் 2001-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்றனர். 2002-இல் இருவரும் மறைந்தனர். அவர்கள் ஆண்ட சொற்கள் அன்றாட வழக்கிலிருந்து எடுக்கப்பட்டவை. எளிய சொல்லாயிற்றே என்று அதன் வரலாற்றை நோக்காது விளக்கப் புகுந்தால், ஆசிரியரும் வழுக்குவர். அம்மாணவனை மீண்டும் அழைத்து, வாயில் மரத்தடியில் நிறுத்திப் பாடத்தைத் திருத்திச் சொன்னேன். இம்முறை அவனே வேறொரு சான்று காட்டினான்.